நோட்டீஸ் ஒட்டிய காணிக்குத் தரகர் எதற்கு?

மூதூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: அப்பாவின் உறுதிக்காணி இரண்டு ஏக்கர். அரச திட்டம் ஒன்றுக்காக, காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். "நட்டஈட்டைக் கூட்டி எடுத்துத் தாறன், அற்றோணித் தத்துவம் எழுதித் தாங்க" என்று தரகர் ஒருவர் வந்து வந்து போகிறார். அண்ணன் கனடாவில். எழுதிக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அற்றோணித் தத்துவம் என்பது உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்.

2ஆம் பிரிவு அறிவித்தலால் காணி பறிபோய்விடவில்லை. உத்தியோகத்தர்கள் உள்ளே வந்து அளக்கவும் மண்ணைச் சோதிக்கவும் அது அனுமதி கொடுக்கிறது, அவ்வளவுதான். 4ஆம் பிரிவு அறிவித்தல் வரும்போது எழுத்தில் ஆட்சேபம் சொல்லலாம். பிறகு 5ஆம் பிரிவில் காணி எடுக்கப்படும் என்ற பிரகடனம், 7ஆம் பிரிவில் உரிமை கோருவோருக்கான அழைப்பு. இந்த 7ஐ மட்டும் மறந்துவிடாதீர்கள். அது வர்த்தமானியில் வந்த நாளில் காணிக்கு இருந்த சந்தை விலையே நட்டஈட்டுக்கு அடிப்படை. விலையைக் கணிப்பது மதிப்பீட்டுத் திணைக்களம், விசாரிப்பது பிரதேச செயலாளர். தரகருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. விலை கூடவேண்டுமென்றால், பக்கத்துக் காணிகள் அண்மையில் கைமாறிய உறுதிகளின் பிரதிகளைக் காணிப் பதிவகத்தில் எடுத்து விசாரணையில் நீங்களே கொடுங்கள். தீர்மானித்த தொகை போதாதென்றால் 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

பிறகு அந்த மனிதர் ஏன் இப்படி அலைகிறார்? திருகோணமலைக்குப் பணம் வரப்போகிறது என்றாலே முதலில் கிளம்புவது தரகுதான். 2022 ஜனவரியில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒப்பந்தம், 2025 ஏப்ரலில் இந்தியாவும் அமீரகமும் சேர்ந்த எரிசக்தி மைய உடன்படிக்கை என்று செய்தி வர வர, காணிக்காரரைத் தேடி ஆள் வரும். அவர் நீட்டும் தாளை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருக்கும். திகதி வெறுமையாக இருக்கும். ஒப்பம் வைக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கும். நடுவில் ஒரு வரி: காணியை விற்கவும், அதற்கு வரும் பணம் முழுவதையும் பெறவும், மீளப்பெற முடியாத அதிகாரம். அந்த வரிக்குத்தான் இத்தனை நடை.

உங்கள் பக்கத்துச் சம்பூரைப் பாருங்கள். போரால் சனம் 2006இல் இடம்பெயர்ந்தது. அங்கே முதலீட்டு வலயத்துக்குக் கொடுத்த 818 ஏக்கரை விடுவிக்க 2015 ஆனது. அங்கே கட்டவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. திட்டம் மாறும், நின்றும் போகும். அன்றைக்குக் காணி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

அரசாங்கத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பிரிவு இலக்கத்தைப் போட்டு ஒரு தாளை ஒட்டிவிட்டால் கடமை முடிந்ததா? அடுத்து என்ன நடக்கும், எங்கே போய்க் கேட்பது என்று விளங்கும் தமிழில் நாலு வரி எழுத என்ன செலவு? அது இல்லாதபடியால்தான் தரகரின் வாயை நம்பவேண்டி வருகிறது.

அற்றோணித் தத்துவம் எழுதவே கூடாதா? உங்கள் வீட்டில் ஒரு தேவை இருக்கிறது. அண்ணனுக்கும் பங்கு உண்டு, விசாரணைக்கு அவர் வர முடியாது. அவர் எழுதட்டும், ஆனால் உங்கள் பெயருக்கு. பொது அதிகாரமாக அல்ல, விசேட அதிகாரமாக. இந்தக் காணி, இந்த விசாரணை, அவருடைய பங்குக்குரிய நட்டஈடு என்று மூன்றையும் குறிப்பிட்டு. விற்கும் அதிகாரம் அதில் வரக்கூடாது. "மீளப்பெற முடியாத" என்ற சொல்லும் வரக்கூடாது. கனடாவிலுள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பினால் இங்கே பதிவு செய்யலாம். நொத்தாரிசை நீங்களே தேடிப் பிடியுங்கள். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியின் சட்டம் வேறு. உங்களுடையது உறுதிக்காணி என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இந்தக் கிழமையே பிரதேச செயலகத்துக்குப் போய், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் கொடுங்கள். எந்தத் திட்டம், எந்த நிறுவனத்துக்கு, எத்தனை ஏக்கர், பணம் ஒதுக்கியாயிற்றா என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் பெற்றதற்கான பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.