கை மரத்துப்போகிறது, 36 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: இரண்டு மாதமாக வலது கையில் மதமதப்பு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. கழுத்தைத் திருப்பினால் தோளிலிருந்து சுருக்கென்று இறங்குகிறது. கைரோபிராக்டர் (கழுத்தையும் முதுகெலும்பையும் கையால் அழுத்தி, திருகிச் சிகிச்சை தருபவர்) ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "கழுத்தின் வளைவு போய்விட்டது, எலும்பு விலகி நரம்பை அழுத்துகிறது, வாரம் மூன்று வீதம் 36 சிட்டிங் வேண்டும்" என்றார். முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் பெரிய தள்ளுபடியாம். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். தள்ளுபடி போனால் போகட்டும். நரம்பு எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே 36 சிட்டிங் என்று கணக்குச் சொல்ல யாராலும் முடியாது.

கை மரத்துப்போனால் காரணம் கழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கழுத்தில் ஆறாவது நரம்பு அழுந்தினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரக்கும். ஏழாவது என்றால் பெரும்பாலும் நடுவிரல். எட்டாவது என்றால் மோதிர விரலும் சுண்டுவிரலும். ஆனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்பல் டனல் தொல்லையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்தான் மரக்கும். அது ராத்திரியில் தூக்கத்தைக் கலைக்கும், கையை உதறினால் கொஞ்சம் தேவலை என்றிருக்கும். முழங்கையில் அழுந்தினால் சுண்டுவிரல் பக்கம். இரண்டு கையும், கூடவே பாதமும் மரத்தால் சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும்.

கழுத்தைத் திருப்பும்போது சுருக்கென்று இறங்குவதால் உங்களுக்குக் கழுத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மரக்கும் கையைத் தூக்கி உள்ளங்கையைத் தலைமேல் வைத்துப் பாருங்கள். வலி குறைந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். இது மருத்துவருக்குச் சொல்ல உதவும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அவர் சுத்தியலால் தட்டி, விரல்களின் பலம் பார்த்து, தேவைப்பட்டால் எம்ஆர்ஐயோ நரம்புக் கடத்தல் சோதனையோ எழுதித் தருவார்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். நரம்பும், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கும் தெரியாது. வலியே இல்லாத பலருக்கும் கழுத்து வளைவு குறைந்துதான் இருக்கிறது. வயது ஏற ஏற எலும்புத் தேய்மானமும் சகஜம். அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் கோடு போட்டுக் காட்டும்போது யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தோடு கையெழுத்துப் போட வைப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். வாரம் மூன்று வீதம் 36 சிட்டிங் என்றால் 12 வாரம். கழுத்து நரம்பு அழுத்தம் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிந்துவிடும். 12 வாரம் கழித்துக் கை சரியானால், சரிசெய்தது சிட்டிங்கா, காலமா என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

சரி, இந்தச் சிகிச்சையால் பயனே இல்லையா? வெறும் கழுத்து வலிக்குச் சிலருக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் கிடைக்கிறது. கை மரத்துப்போவதற்கு உதவும் என்பதற்கான ஆதாரம் மெலிந்ததுதான். 'டக்' என்று கேட்கும் சத்தமும், விலகிய எலும்பு திரும்ப உட்காரும் சத்தமல்ல. விரலில் நெட்டி முறிக்கும்போது மூட்டுத் திரவத்தில் வாயு குமிழியிடுகிறதே, அதேதான்.

ஆபத்து அரிது, ஆனால் வந்தால் பெரிது. கழுத்தைச் சட்டென்று திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்ற கவலை உண்டு. இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது, திருகுவதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனாலும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் அறிவுறுத்தியது. உங்களிடம் அவர் இதைச் சொன்னாரா? எலும்பு பலவீனம், முடக்குவாதம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, பழைய புற்றுநோய் என்று எது இருந்தாலும் கழுத்தைத் திருக விடாதீர்கள்.

மருத்துவர் பார்த்த பிறகும் போக ஆசைப்பட்டால், ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகப் பணம் கொடுங்கள். திருகாமல் மென்மையாகச் செய்யச் சொல்லுங்கள். நாலைந்து தடவையில் எது குறைய வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள், குறையாவிட்டால் நிறுத்துங்கள். எக்ஸ்ரே பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டை பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாதது, கை பலம் குறைந்துகொண்டே போவது, திடீரென முகம் கோணுவது, பேச்சு குழறுவது, மரப்போடு நெஞ்சுவலி: இதில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைதான்.

கேள்வி: நான் ஏற்கெனவே பேக்கேஜ் வாங்கிவிட்டேன். ஐந்து சிட்டிங் ஆனபின் மரப்பு அதிகமாகிவிட்டது. "குணமாகும்போது அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். மீதிப் பணம் கிடைக்குமா?

பதில்: முதலில் சிகிச்சையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஓரிரு நாள் உடல்வலி வரலாம். மரப்பு கூடுவதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவர் நிறுத்தச் சொன்னால் அதை எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல பேக்கேஜ்களில் ஒரு கொக்கி இருக்கும்: பாதியில் விலகினால், முடிந்த சிட்டிங்குகளைத் தள்ளுபடி விலையில் கணக்கிடாமல் முழு விலையில் கழிப்பார்கள். ஐந்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று வரிவரியாகக் கேளுங்கள். நேரில் பேசினாலும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தவணைக் கடனில் கட்டியிருந்தால் நீங்களாகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அதே நாளில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுக்கலாம்.