சி.எஃப்.டி. படத்தில் நீலமாகத் தெரியும் இடமெல்லாம் தேக்கப் பகுதிதானா?

சி.எஃப்.டி. என்பது நீரோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணிக்கும் முறை. அதில் வந்த கழிவுநீர்த் தொட்டியின் வேகப் படத்தை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள்; அதில் நீலம் என்றால் மெதுவான ஓட்டம். இல்லை, அந்தப் படத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சகதியைப் படியவைத்து நீரைத் தெளிவாக்கும் தொட்டியான கிளாரிஃபையரில் நீர் மெதுவாகப் போனால்தான் சகதி அடியில் படியும்; அங்கே பாதித் தொட்டி நீலமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மூலையில் நீர் நல்ல வேகத்தோடு சுழன்றுகொண்டே இருக்கலாம். படத்தில் பச்சையாகத் தெரியும், வெளியே மட்டும் போகாது. உண்மையான தேக்கம் அதுதான்.

நான் பார்ப்பது நீரின் வயதை. நுழையும்போது பூஜ்யம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் ஒன்று கூடும். ஓட்டத்தைக் கணித்த பிறகு இதற்கு ஒரே ஒரு சமன்பாடுதான் கூடுதல். இலவசமாகக் கிடைக்கும் சி.எஃப்.டி. மென்பொருளான ஓபன்ஃபோமிலேயே இந்த வசதி உண்டு. 500 கன மீட்டர் தொட்டிக்கு மணிக்கு 250 கன மீட்டர் வரத்து என்றால், தங்கும் நேரம் 2 மணி. எங்கே வயது 5, 6 மணி என்று ஏறுகிறதோ, அங்கே கை வையுங்கள்.

கிளாரிஃபையர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: மாடலில் அடர்த்தி வேறுபாடு இருக்கிறதா? லிட்டருக்கு 3 கிராம் சகதியோடு வரும் நீர், தெளிந்த நீரைவிடச் சற்றே கனமானது. அந்தச் 'சற்றே' போதும். அது அடியில் இறங்கி, தரையோடு ஓடி, சுவரில் முட்டி மேலேறி, சகதியையும் வெளியே இழுத்துப் போகும். சிகாகோவில் ஆண்டர்சன் என்ற பொறியாளர் 1945இலேயே இதை எழுதிவிட்டார். சாதாரணத் தண்ணீர் என்று வைத்துக் கணித்த படம் அழகாக இருக்கும், ஓட்டம் முழுக்கத் தப்பாக இருக்கும்.

பிறகு டிரேசர் சோதனை, அதாவது நீரில் ஒரு அடையாளப் பொருளைக் கலந்து அது எப்போது வெளியேறுகிறது என்று பார்ப்பது. இதை விட்டுவிட்டு எந்த மாடலையும் நம்ப எனக்கு மனம் வராது. நுழைவாயிலில் லித்தியம் குளோரைடு என்ற உப்பை ஒரே தடவையில் ஊற்றி, வெளிவாயிலில் மாதிரி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உச்சம் சீக்கிரமே வந்து, வால் நீண்டால், ஒரு பகுதி குறுக்கு வழியில் ஓடுகிறது, மிச்சம் உள்ளே தேங்குகிறது. ரோடமின் சாயமும் போடலாம். ஆனால் கிருமியைக் கொல்லும் குளோரின் தொட்டியில் வேண்டாம், குளோரின் அதன் நிறத்தை அழித்துவிடும்.

குளோரின் தொட்டியில்தான் பலன் கண்கூடு. ஊற்றியதில் முதல் 10 சதவீதம் வெளியேற எடுக்கும் நேரத்தைத் தங்கும் நேரத்தால் வகுங்கள். தடுப்புச் சுவர் இல்லாத தொட்டிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ. கொடுக்கும் மதிப்பு 0.1, நன்றாகத் தடுத்த தொட்டிக்கு 0.7. தொட்டி அதேதான், சுவர்கள் மட்டும் புதிது. அவற்றை எங்கே எழுப்புவது என்பதைக் கம்ப்யூட்டரில் நாலைந்து விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.