எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம் என்று தெரிந்தும் டபிள்யூ.டபிள்யூ.இ என்கிற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் சண்டைகளை எப்படி ரசிக்கிறீர்கள்? ஒரு போட்டியை வைத்து விளக்க முடியுமா?

வீட்டில் தம்பியோ கணவரோ ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு இதைப் பார்க்கிறார், அந்த எரிச்சலில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர் ஒவ்வொரு பொங்கலுக்கும் இதையே கேட்பார். "எல்லாம் டூப்பு மச்சான், இதைப் போய் உட்கார்ந்து பார்க்கறியே" என்று பத்துப் பேர் நடுவில் சொல்வார். மாமாவை எதிர்த்துப் பேசக் கூடாது என்று சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அங்கே சொல்லாததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

எங்களுக்குச் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து நடந்து, கடைசியில் படுகளம், அதாவது பாரதப் போரின் முடிவு. திடலில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பார். அதைச் சுற்றி இரண்டு வேஷக்காரர்கள் மோதுவார்கள். பீமன் தொடையில் அடிப்பார், துரியோதனன் சாவார். பிறந்ததிலிருந்து பார்க்கிற கதை. அப்படியும் வெயிலில் இடம் பிடித்து நிற்கிற கூட்டத்தில், முடிவு தெரியுமே என்று யாராவது வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? துரியோதனன் வேஷக்காரர் எப்படி விழுகிறார், அதைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது.

இப்போது போட்டிக்கு வருகிறேன். 2005 ஆகஸ்ட் 21, வாஷிங்டன் எம்சிஐ சென்டர் அரங்கம், வருடா வருடம் நடக்கும் பெரிய நிகழ்ச்சியான சம்மர்ஸ்லாம். மோதியவர்கள் ஹல்க் ஹோகனும் ஷான் மைக்கேல்ஸும். "அண்டர்டேக்கரோடு மைக்கேல்ஸ் மோதிய ரெஸில்மேனியா 25 இருக்கும்போது இதையா சொல்வாய்" என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். அது மிகச் சிறந்த போட்டி, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி நாடகத்தைப் பற்றியது. நாடகம் வெளியே தெரிகிற போட்டி இதுதான்.

முன்கதை சுருக்கமாக. ஜூலை 4 அன்று ரா என்கிற வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருவரும் ஒரே அணியில் நின்று கர்ட் ஆங்கிளையும் கார்லிட்டோவையும் ஜெயித்தார்கள். கொண்டாட்டத்தின் நடுவில் மைக்கேல்ஸ், ஹோகன் முகத்தில் காலால் ஒரு உதை விட்டார். அதுதான் அவருடைய முத்திரை அடி, பெயர் ஸ்வீட் சின் மியூசிக். அங்கிருந்து ஆரம்பித்தது அலப்பறை. லேரி கிங்கின் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியைப் பகடி செய்து, கிழட்டு ஹோகனாகத் தானே வேஷம் போட்டு வந்தார். அடுத்து கனடாவின் மாண்ட்ரியல். 1997இல் கனடா வீரர் பிரெட் ஹார்ட்டின் பட்டத்தை அநியாயமாகப் பறித்து மைக்கேல்ஸுக்குக் கொடுத்த ஊர். அரங்கமே அவரைக் கத்தித் தீர்த்தது. அந்தச் சத்தத்தை அவர் நின்று நிதானமாக ரசித்தார். திடீரென்று பிரெட் ஹார்ட் அரங்குக்குள் வரும்போது போடுகிற இசை ஒலித்தது, கூட்டம் எகிறியது, யாரும் வரவில்லை. மைக்கேல்ஸ் சிரித்தார். ஒரு ஊரையே ஏமாற்றிவிட்டுச் சிரிக்க எவ்வளவு திமிர் வேண்டும் பாருங்கள்.

போட்டியன்று ஹோகனுக்கு 52 வயது, மைக்கேல்ஸுக்கு 40. ஹோகனுக்கு முட்டியும் இடுப்பும் போய் ரொம்ப நாள். மைக்கேல்ஸும் 1998இல் முதுகு போய் நான்கு வருடம் ஒதுங்கி இருந்தவர்தான். முதலில் ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகள் பேசியிருந்தார்கள், ஆளுக்கு ஒரு வெற்றி என்று, ஹோகன் தோற்க ஒப்பவில்லை என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆக, மைக்கேல்ஸ் தோற்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வாய்ப்பும் கிடையாது. மனுஷன் என்ன செய்வார்? விழுந்தார். விழுந்துகொண்டே இருந்தார்.

ஹோகன் சும்மா தள்ளினால் பாதி வளையம் தாண்டிப் போய் விழுகிறார். குத்து முகத்தில் படுவதற்குள் தலைமுடி பறக்கிறது. கடைசிக் கட்டத்தைத்தான் நான் மறுபடி மறுபடி ஓடவிடுவேன். மைக்கேல்ஸ் ஸ்வீட் சின் மியூசிக் உதைத்து, மூன்று எண்ணும் வரை தோளைத் தரையோடு அழுத்தப் பார்க்கிறார், ஹோகன் உதறி எழுகிறார். நெற்றியெல்லாம் ரத்தம். வழக்கப்படி உடம்பை உலுக்குகிறார், விரலை நீட்டுகிறார், இனிமேல் அடித்தாலும் வலிக்காது. மூன்று குத்து, அப்புறம் முகத்தில் பெரிய பூட்ஸ் காலால் ஒரு உதை. மற்றவர்கள் அந்தக் காலுக்கு மல்லாக்க விழுந்து கிடப்பார்கள். இவர் விழுந்தும் அடங்கவில்லை. துள்ளுகிறார், புரள்கிறார், உடம்பு தனியாகக் கால் தனியாகத் துடிக்கிறது. ஹோகன் லெக் டிராப் போட, அதாவது குதித்து எதிராளி மேல் காலைப் போட்டு முடிக்க, வந்து நிற்கிறார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தன்னை எதிராளி நடு அரங்கில் கிண்டல் செய்கிறார் என்று அவருக்குப் புரிந்ததா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இதை நான் சித்தப்பா வீட்டில் பார்த்தேன், மறுஒளிபரப்பில். சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். ஆங்கில வர்ணனை ஒரு வார்த்தை புரியாது, இணையம் கிடையாது, யார் யாரோடு பேசி வைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு எட்டாத சங்கதி. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பூட்ஸ் கால் உதையைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், இந்த முடிக்காரன் வேணும்னே பண்றான்டா. இவ்ளோ விழுந்தா அடிச்சவனுக்குத்தான் அசிங்கம்" என்றார். வெளிநாட்டு ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதி அலசியதை ஒரே வாயில் சொல்லிவிட்டார். பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பாஷை எதற்கு?

இது தொழில் தர்மமா என்று கேட்டால், இல்லை. எதிராளியை உயர்த்திக் காட்ட வேண்டியவர் அவரைக் கேலிப்பொருள் ஆக்கியது சின்னப் புத்திதான். ஆனால் அந்தச் சின்னப் புத்தியை இவ்வளவு அழகாகச் செய்ய இன்னொருவரால் முடியாது. பேசி வைத்ததில் ஒரு வரியைக்கூட அவர் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். தோற்கச் சொன்னார்கள், தோற்றார். முடிந்ததும் எழுந்து வந்து, தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்கிற மாதிரி ஏதோ சொல்லிக் கை கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். ஹோகன் காதில் கை வைத்து, மீசையை முறுக்காத குறையாகக் கொண்டாடினார். வென்றவரைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. போட்டியின் பெயரைச் சொன்னால் மைக்கேல்ஸ் விழுந்ததுதான் ஞாபகம் வருகிறது.

"ஹோகனைப் பற்றி எழுதுகிறாயே, அவர் பேசிய இனவெறிப் பேச்சு தெரியுமா" என்பவர்களுக்கு: தெரியும். 2015இல் அது வெளிவந்து நிறுவனமே அவரை வெட்டிவிட்டது, 2018இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2025 ஜூலையில் இறந்தும் போனார். நான் அவருக்கு வக்கீல் இல்லை. 2005இல் ஒரு இரவு வளையத்துக்குள் என்ன நடந்தது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் ஏரியா கேபிள்காரர் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது. மாதா மாதம் ஒன்றாம் தேதி டாண் என்று பணத்துக்கு வந்து நிற்பார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இந்தச் சண்டைகளைக் காட்டுகிற விளையாட்டுச் சேனலைத் தூக்கிவிட்டு, அதே எண்ணில் தன்னுடைய லோக்கல் சேனலைப் போட்டார். நாள் முழுக்க ஜவுளிக்கடை விளம்பரம், நடுவில் தேய்ந்துபோன சிடியில் பழைய பாட்டு. போய்க் கேட்டால், "சண்டைப் படம்தானே தம்பி, சிடி வாங்கிப் பாரு" என்றார். சித்தப்பா அவர் வீட்டு வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். சேனல் வரவில்லை, எங்கள் வீட்டு இணைப்பும் ஒரு வாரம் வரவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு. முழுப் போட்டியும் வேண்டாம், இருபது நிமிடத்துக்கு மேல் போகும், நடுவில் ஹோகனுக்கு மூச்சு வாங்குவதுதான் அதிகம். கடைசி மூன்று நிமிடம் மட்டும் போடுங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு, அடிப்பவரை விட்டுவிட்டு விழுபவரையே பாருங்கள். அதற்குப் பிறகும் எரிச்சல்தான் வருகிறது என்றால் தம்பியிடமிருந்து தாராளமாக ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம்.