"க்வைட் குட்"னு மேனேஜர் சொன்னா சந்தோஷப்படலாமா?

தம்பி, இங்கிலாந்துல இந்த லீட்ஸ் ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, மேனேஜர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு "க்வைட் குட்" (quite good)னாரு, நியூஜெர்சி அண்ணன் "ரொம்ப நல்லாருக்குன்னு அர்த்தம்டா, பார்ட்டி குடு"ங்கறான், ஆனா அவர் மூஞ்சில சிரிப்பே இல்லையேன்னு கேட்டிருக்கீங்க. கூடவே வாடகை, பேங்க் அக்கவுண்ட், ஜாக்கெட்னு ஒரு லிஸ்ட். அதெல்லாம் தேடினா கிடைக்கும், ஜாக்கெட்டை மட்டும் நவம்பருக்கு முன்னாடி வாங்கிடுங்க.

பார்ட்டியை நிறுத்துங்க. அண்ணன் சொல்றது தப்பில்ல, அமெரிக்காவுல அப்படித்தான். இங்க குட், நைஸ், இன்ட்ரஸ்டிங்னு கூடக்குறைய சொல்லக்கூடிய வார்த்தைக்கு முன்னாடி க்வைட் வந்தா பெரும்பாலும் "தேவலாம்" ரகம். அதே க்வைட் ரைட், ஷ்யூர், இம்பாசிபிள் மாதிரி நடுவுல நிக்காத வார்த்தைக்கு முன்னாடி வந்தா முழுக்கன்னு அர்த்தம். "யூ ஆர் க்வைட் ரைட்"னா நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, பாதிதான் ஒத்துக்கறான்னு நெனச்சு மல்லுக்கு நிக்காதீங்க. "நாட் க்வைட்"னா இல்லைங்கறதை மரியாதையா சொல்றாங்க. "க்வைட் எ ஃப்யூ"ல ஃப்யூ இருக்கேன்னு ஏமாறாதீங்க, நிறையன்னு அர்த்தம், சாஃப்ட்வேர் டெஸ்டர் "க்வைட் எ ஃப்யூ பக்ஸ் (bugs)"னு வந்து நின்னா அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போன மாதிரிதான். மீட்டிங்ல பெரியவர் யாராவது வெறும் "க்வைட்"னு மட்டும் சொன்னா ஆமோதிக்கறார்னு அர்த்தம்.

இதுலயும் ராகம் இருக்கு. க்வைட்டை இழுத்து அழுத்தினா பாராட்டு பாதி போச்சு, குட்டை அழுத்தினா கொஞ்சம் நெசமாவே புடிச்சிருக்கு. நம்ம ஊர்ல "அட, பரவால்லையே!"க்கும் "ம்ம்... பரவால்ல"க்கும் உள்ள தூரம்தான். அதனால அப்ரைசல் வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே போயி "இதுல எதை மாத்தினா இன்னும் நல்லாருக்கும்?"னு கேளுங்க, கேட்டாத்தான் சொல்லுவாங்க, தானா வாயத் தொறக்கமாட்டாங்க.

நம்மாளுங்க பலபேரு இருவது வருஷம் இங்க இருந்துட்டும் "வெள்ளைக்காரன் நேரா பேசமாட்டான், எல்லாம் நடிப்பு"ன்னு வாராவாரம் பிரியாணி சாப்ட்டுட்டே புலம்புவாங்க. ஏன், நம்ம அத்தைமாருங்க எல்லாம் நேராவா பேசறாங்க? இன்னொரு கூட்டம், வந்து ஆறு மாசத்துல "ஆல்ரைட் மேட்"னு குரலையே மாத்திக்கிட்டு நம்மகிட்டயே பீத்திக்கும். ரெண்டும் வேணாம், காதைத் தொறந்து வெச்சாப் போதும், நான் அப்படித்தான் தேறினேன்.

நான் வந்தது 2005, லீட்ஸ்லயே ஹேர்ஹில்ஸ்ங்கற ஏரியால முதுகோட முதுகு ஒட்டிக்கட்டின செங்கல் வீடு, பின்வாசலே கிடையாது. கரண்ட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் சாவி, அதை மூலைக்கடைல குடுத்து காசு ஏத்திட்டு வந்து மீட்டர்ல சொருகணும், கடை சாத்தினப்புறம் தீந்துச்சுன்னா ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர்தான். அப்ப எனக்கு இங்கிலீஷ் வாத்தியார் பக்கத்து வீட்டுப் பாட்டிதான். ஒரு நாள் எலுமிச்சை சாதம் குடுத்தேன், மறுநாள் டப்பாவைக் கழுவிக் கொண்டாந்து "நாட் பேட், லவ்"னாங்க (லவ்னா இங்க நம்ம "கண்ணு" மாதிரி). எனக்கு சப்புனு ஆயிடுச்சு. அடுத்த வாரம் அவங்களே டப்பாவோட வந்து கதவைத் தட்டினப்பதான் தெரிஞ்சுது, லீட்ஸ் இருக்கற இந்த யார்க்‌ஷர்ல "நாட் பேட்"ங்கறது சாதாரணப் பாராட்டு இல்ல. உங்க மேனேஜர் என்னிக்காவது அதைச் சொன்னார்னா அண்ணனுக்குத் தாராளமா பார்ட்டி குடுங்க.