18 நிமிடக் கணக்கு: பெசாக் சமையலறை பற்றிய கேள்வி பதில்

எருசலேமில் வயது முதிர்ந்த ஒரு யூத அம்மையாரைப் பராமரிக்கும் பணியில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். அவர் பாக்தாத்தில் பிறந்தவர். அவருடைய மருமகனோ போலந்து வழிவந்த அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய மரபு யூதர். தமிழ் விவிலியம் பஸ்கா என்று சொல்லும் பெசாக் பண்டிகை வந்துவிட்டால் ஒரே அடுப்படியில் இரண்டு மரபுகளின் சட்டங்களை நான் கைக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பழக்கத்தைக் கொண்டு, நம் குழுவின் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பண்டிகை நாட்களில் புளித்த மா வீட்டில் இருக்கக் கூடாது என்று யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறோம். திராட்சரசமும் புளித்ததுதானே? அதை மட்டும் எப்படிக் குடிக்கிறார்கள்?

‘புளிப்பு’ என்ற நம் சொல்தான் இங்கே வழி தவற வைக்கிறது. விலக்கப்பட்ட பொருளுக்கு எபிரேயத்தில் ஹமேட்ஸ் என்று பெயர். கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்று தண்ணீர் பட்டு, உரிய நேரத்துக்குள் வேகாமல் பொங்கினால் மட்டுமே அது ஹமேட்ஸ் ஆகிறது. திராட்சை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பண்டிகையின் முதல் இரவில் நடக்கும் செதேர் விருந்தில் நான்கு கிண்ணம் திராட்சரசம் குடிப்பது அனுமதி மட்டுமல்ல, கடமையும்கூட. பியர் வாற்கோதுமையில் செய்யப்படுவதால் அதற்கு இடமில்லை. சமையல் சோடாவும் தானியம் அல்ல. உருளைக்கிழங்கு மாவில் சோடா சேர்த்து உப்ப வைத்த கேக் பெசாக் மேசைக்கு வரும்போது புதிதாகப் பார்ப்பவர்கள் திகைத்துப் போகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் நம் இட்லி? இரவு முழுவதும் புளிக்க வைத்த மாவாயிற்றே.

இதை எங்கள் வீட்டிலேயே கேட்டுப் பார்த்தேன். இரண்டு பதில்கள் கிடைத்தன. அரிசி ஹமேட்ஸ் ஆகாது, அது கெட்டுத்தான் போகும் என்பது யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதின் முடிவு. ஐந்து தானியங்களில் உளுந்தும் இல்லை. எனவே அம்மையாரின் மரபில் மாவு எவ்வளவு பொங்கினாலும் குற்றமில்லை. மருமகனுக்கு அது ஆகாது. அரிசி, பருப்பு, பயறு, சோளம் முதலியவற்றைக் கிட்னியோட் என்று வகைப்படுத்திப் பெசாக் நாட்களில் விலக்கும் வழக்கம் அஷ்கெனாசிகளுக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ரபிகளின் (யூத மத குருக்களின்) எழுத்திலேயே அது காணப்படுகிறது. இவற்றின் மாவு கோதுமை மாவைப் போலவே இருப்பதும், மூட்டைகளில் கோதுமை மணிகள் கலந்துவிடுவதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கிட்னியோட்டை உண்ணத்தான் தடை, வீட்டில் வைத்திருக்கலாம். அமெரிக்க யூதர்களின் கன்சர்வேடிவ் என்னும் பிரிவு 2015 டிசம்பரில் உண்பதற்கும் அனுமதி அளித்தது; சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் ஆர்த்தடாக்ஸ் அஷ்கெனாசிகள் அதை ஏற்கவில்லை.

மணி கலந்துவிடும் என்ற அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அம்மையார் அரிசியை வெள்ளைத் துணியில் சிறிது சிறிதாகப் பரப்பி, விரல் நுனியால் ஒதுக்கி ஒதுக்கி, மூன்று முறை பொறுக்குவார். ஒருமுறை இரண்டாம் சுற்று முடிந்த பிறகு, இனி என்ன இருக்கப்போகிறது என்று நான் துணியைச் சுருட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மூன்றாம் சுற்றில் ஒரு கோதுமை மணி அகப்பட்டது. அன்று முதல் நான் அவசரப்படுவதில்லை.

கேள்வி: பெசாக்கில் உண்ணும் புளிப்பில்லா அப்பமான மட்ஸா வெறும் மாவும் தண்ணீரும்தான் என்றால் நம் சப்பாத்தியிலிருந்து அது எதில் வேறுபடுகிறது?

நேரத்தில். சப்பாத்தி மாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊற வைப்போம். அந்த ஊறல்தான் இங்கே குற்றம். பிசைந்த மாவு சும்மா கிடக்கக்கூடிய எல்லை 18 நிமிடம் என்று சட்டநூல்கள் வகுத்திருக்கின்றன. கை ஓயாமல் மாவோடு வேலை நடக்கும்வரை அந்தக் கணக்கு ஓடாது என்ற கருத்து இருந்தாலும், தண்ணீர் ஊற்றியது முதல் அடுப்பில் இடுவதுவரை எல்லாவற்றையும் அந்த 18 நிமிடத்துக்குள் முடித்துவிடுவதே நடைமுறை. தண்ணீரை முந்தின மாலையே பிடித்து இரவு முழுவதும் குளிர வைத்திருப்பார்கள், ஏனென்றால் வெதுவெதுப்பு பொங்குதலை விரைவுபடுத்தும்.

கையால் செய்யும் மட்ஸாக் கூடம் ஒன்றுக்கு அம்மையாரின் பேரனோடு போயிருக்கிறேன். மாவுக்கு ஓர் அறை, தண்ணீருக்கு மறு அறை. மாவை அளப்பவர் தண்ணீரைத் தொடுவதில்லை. தேய்த்த வட்டத்தின் மேல் பல்சக்கரம் ஒன்றை ஓட்டித் துளையிடுகிறார்கள். உள்ளே காற்று தங்கிக் கொப்புளம் எழக் கூடாது என்பதே நோக்கம். நீண்ட கழியில் சுற்றி அடுப்பில் விரித்தால், அந்தச் சூட்டில் வேக ஒரு நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை. மடிந்து ஒட்டியதையும் உப்பியதையும் தனியே ஒதுக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மேசையின் காகிதத்தை மாற்றி, குழவிகளையும் மாற்றி, எல்லோரும் கை கழுவிவிட்டு வர, மறுபடியும் கடிகாரம் தொடங்குகிறது.

கேள்வி: இயந்திரத்தில் செய்த மட்ஸா செல்லுமா?

பெரும்பான்மையோர் அதைத்தான் உண்கிறார்கள். 1838இல் பிரான்சின் அல்சாஸில் மாவு தேய்க்கும் இயந்திரம் வந்தது. 1859இல் ரபி ஷ்லோமோ குளூகர் அதை எதிர்க்க, ரபி யோசேப் ஷாவுல் நாதன்சன் ஆதரிக்க, பெரும் வாதம் மூண்டது. பற்சக்கரத்தில் மாவுத் துணுக்கு சிக்கிக்கொள்ளும் என்பதோடு, மாவு தேய்த்துப் பிழைக்கும் ஏழைகளின் கூலி போய்விடும் என்பதும் எதிர்த்தவர்களின் காரணங்களில் ஒன்று. செதேர் இரவுக்கு மட்டுமாவது கையால் செய்ததை வாங்குவோர் இன்றும் பலர்.

கேள்வி: ஒரு ரொட்டித் துணுக்குக்காக வீட்டையே தலைகீழாக்குவது மிகை அல்லவா?

சட்டத்தின் உள்ளே நின்று பார்த்தால் மிகை இல்லை. பொதுவாக, விலக்கப்பட்ட ஒரு பொருள் தவறிச் சமையலில் விழுந்து அறுபது மடங்கு உணவில் கரைந்துவிட்டால், விழாததாகவே கொள்வார்கள். பெசாக் தொடங்கியபின் ஹமேட்ஸுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஆயிரத்தில் ஒன்றானாலும் கலந்தது கலந்ததுதான். மேலும், உண்பது மட்டுமல்ல, உடைமையாக வைத்திருப்பதும் தடை. அதனால்தான் முந்தின இரவு மெழுகுவர்த்தி ஒளியில் மூலை முடுக்கெல்லாம் தேடுகிறார்கள். தேடல் வீண்போகாதிருக்கப் பத்து ரொட்டித் துண்டுகளை முன்னதாகவே ஒளித்து வைக்கும் வழக்கம் உண்டு. அவற்றைக் கண்டெடுத்து மறுநாள் காலையில் எரிக்கிறார்கள். கண்ணுக்குத் தப்பியது மண்ணின் புழுதிக்குச் சமம் என்று அரமேய மொழியில் ஓர் அறிக்கையும் சொல்கிறார்கள். எரிக்க மனம் வராத விலையுயர்ந்த விஸ்கி போன்றவற்றை ரபியின் மூலம் யூதர் அல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்று, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இதைக் கண்துடைப்பு என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் ஒப்பந்தம் உண்மையானது. வாங்கியவர் முழு விலையையும் கொடுத்துச் சரக்கைத் தாமே வைத்துக்கொண்டால் தடுக்க வழியில்லை.

கேள்வி: பாத்திரங்களை என்ன செய்கிறார்கள்?

வசதியுள்ளவர்கள் பெசாக்குக்கென்று தனி அடுக்கு வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு விதி ஒன்றே: பாத்திரம் எந்த வழியில் உறிஞ்சியதோ அந்த வழியில்தான் வெளிவிடும். கொதித்த குழம்பைக் கண்ட பானைக்குக் கொதிநீர். நேரடி நெருப்பைக் கண்ட சுடுகம்பிக்கு நெருப்பு. பானையை நன்றாகத் தேய்த்து, ஒரு நாள் முழுவதும் பயன்படுத்தாமல் வைத்திருந்து, விளிம்புவரை நீர் நிரப்பிக் கொதிக்க விடுவேன். பிறகு பழுக்கக் காய்ச்சிய கல் ஒன்றை இடுக்கியால் எடுத்து உள்ளே போட்டால், நீர் பொங்கி விளிம்பைத் தாண்டி வழியும், விளிம்பும் தூய்மையாகிவிடும். மண்பாண்டத்துக்கு விமோசனம் இல்லை. லேவியராகமம் 6:28ஐப் படித்தவர்களுக்கு இதன் வேர் தெரியும். கண்ணாடிப் பாத்திரத்தில் மீண்டும் பிளவு: அம்மையாருக்குக் கழுவினால் போதும், மருமகன் அதைத் தொடமாட்டார்.

கேள்வி: பண்டிகை அன்று சமைக்கலாமா?

சமைக்கலாம், ஆனால் புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது; முந்தின மாலையே ஏற்றிய சுடரிலிருந்துதான் எடுக்க வேண்டும். பண்டிகை நாளை ஒட்டி ஓய்வுநாளான சனிக்கிழமை வந்தால், முன்கூட்டியே வேகவைத்த முட்டை ஒன்றையும் மட்ஸா ஒன்றையும் ஆசி சொல்லி எடுத்து வைப்பார்கள். ஓய்வுநாள் சமையலை அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வெள்ளியன்று அதைத் தொடர அனுமதி கிடைக்கிறது.

கேள்வி: யூத நண்பர் செதேருக்கு அழைத்திருக்கிறார். என்ன எடுத்துச் செல்லலாம்?

உங்கள் கையால் சமைத்தது எதுவும் வேண்டாம்; எவ்வளவு அன்போடு செய்திருந்தாலும் அவர்களால் அதைப் பாத்திரத்தில்கூட இட முடியாது. பூங்கொத்தோ, நறுக்காத முழுப் பழங்களோ நல்லது. அவற்றையும் பண்டிகை தொடங்கும் சூரிய அஸ்தமனத்துக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.