குடும்பத்தோடு பெங்களூருக்கு மாறலாமா? முதலில் மகளின் வகுப்பைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: கோவையில் மாதம் 80,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கும் ஒருவருக்கு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் 1,12,000 ரூபாய்க்கு வேலை வந்திருக்கிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. மகள் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு, மகன் யூகேஜி. இப்போதைய வாடகை 12,000. குடும்பத்தோடு போகலாமா, போனால் எங்கே குடியிருப்பது என்று கேட்கிறார்.

நான் திருநெல்வேலிக்காரன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன், குடும்பம் ஓசூரில் இருக்கிறது. அதனால் என் பதில் ஓசூர் பக்கம் கொஞ்சம் சாயும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் எல்லோரும் வாடகையில்தான் தொடங்குகிறார்கள். அடுத்து ஆபீஸுக்கு எவ்வளவு தூரம், கடைசியில் பள்ளி. நான் இதைத் தலைகீழாகப் பார்க்கச் சொல்வேன். வாடகை வீட்டை 11 மாதத்தில் மாற்றிவிடலாம். வேலையும் இரண்டு மூன்று வருடத்தில் மாறக்கூடும். எட்டாம் வகுப்பில் சேர்த்த பெண்ணை நடுவில் பிடுங்கி நடுவது அப்படியல்ல. எதை மாற்றுவது கடினமோ அதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதை ஒட்டி அமையட்டும்.

மகளின் கணக்கை எடுத்துக்கொள்வோம். வரும் ஜூனில் எட்டாம் வகுப்பு. பெங்களூரில் சேர்த்தால் எட்டு முதல் பன்னிரண்டு வரை ஐந்து ஆண்டுகள் கர்நாடகத்தில் படிப்பாள். கர்நாடக சிஇடி (தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு) வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்க, பொதுவான விதிப்படி அந்த மாநிலத்தில் ஏழு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். பெற்றோர் அங்கே படித்தவர்கள் என்பது போன்ற வேறு பிரிவுகளும் உண்டு, ஆனால் கோவையிலேயே படித்து வளர்ந்த உங்களுக்கு அவை உதவாது. ஆக அந்தப் பக்கம் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். இந்தப் பக்கம் வந்தால், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். மருத்துவத்துக்கு அது ஆறு முதல் பன்னிரண்டு வரை. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நேட்டிவிட்டி சான்றிதழ் கொடுத்து விண்ணப்பிக்கலாம், அதனால் இந்தக் கதவு அடைபடுவதில்லை. ஆனால் கலந்தாய்வு நேரத்தில் அந்தக் காகிதத்துக்காக அலைய வேண்டாமே.

இதிலிருந்து ஒரு எளிய அளவுகோல் கிடைக்கிறது. மூத்த பிள்ளை ஆறாம் வகுப்பிலோ அதற்கு முன்போ கர்நாடகத்தில் சேர்ந்தால் பன்னிரண்டு முடிக்கும்போது ஏழு ஆண்டுகள் நிறைந்துவிடும், அங்கே அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்கலாம். ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்க வேண்டியதுதான். உங்கள் மகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். மகன் தாண்டவில்லை. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது, வாடகையில் இல்லை.

தேர்வு முறையும் வேறு. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆஃப், அவ்வளவுதான். கர்நாடகத்தில் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) மதிப்பெண் பாதி, சிஇடி மதிப்பெண் பாதி. அங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும், பதினொன்றும் பன்னிரண்டும் தனியாகப் பியூ கல்லூரியில். அதாவது மூன்றே வருடத்தில் உங்கள் மகள் இன்னொரு முறை இடம் தேட வேண்டியிருக்கும். சிபிஎஸ்இ என்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியப் பதிவு நடந்துவிடும், பத்திலும் பன்னிரண்டிலும் புதிதாகச் சேர்வது எளிதல்ல. எந்தப் பக்கம் போனாலும் ஒன்பதுக்கு முன் முடிவெடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் மொழி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பிள்ளைதான் போய் மாட்டிக்கொள்கிறது. கோவை மெட்ரிக் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்தவள், பெங்களூர்ப் பள்ளிகள் பலவற்றில் இரண்டாம் மொழிக்கு இந்தியையோ கன்னடத்தையோ சமஸ்கிருதத்தையோதான் எடுக்க வேண்டும். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே படித்து வந்திருப்பார்கள், இவள் எழுத்துக்கூட்டத் தொடங்குவாள். கர்நாடகத்தில் 2015-ல் கன்னட மொழி கற்றல் சட்டம் கொண்டுவந்தார்கள், சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் அது பொருந்தும். நியாயமான சட்டம்தான், குடியேறும் ஊரின் மொழியைப் பிள்ளைகள் கற்கட்டும். ஆனால் ஐந்து வயதில் கற்பது வேறு, பதின்மூன்று வயதில் மதிப்பெண்ணுக்காகப் போராடுவது வேறு. அதுவரை வகுப்பில் முன்வரிசையில் இருந்த பெண் ஒரே வருடத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டதை என் உடன் வேலை பார்ப்பவர் வீட்டில் பார்த்தேன். பாடமெல்லாம் அவளுக்குப் புரிந்தது, மொழித்தாள்தான் தள்ளியது.

மகன் விஷயத்தில் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டில் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். கர்நாடகத்தில் ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. உங்கள் பையன் யூகேஜி முடித்தும் வயது குறைவாக இருந்தால் இன்னொரு வருடம் யூகேஜியிலேயே உட்கார வைக்கச் சொல்வார்கள். பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் நேரடியாகக் கேளுங்கள்.

இப்போது பணம். சம்பளம் 32,000 கூடுகிறது, வரிக்குப் பிறகு அதற்கும் குறைவு. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 28,000 கொடுப்பதாக வைத்துக்கொண்டால் வாடகையில் மட்டும் 16,000 கூடுகிறது. மனைவிக்கு வேலை கிடைக்கும் வரை 18,000 நின்றுபோகிறது. இரண்டும் சேர்த்து 34,000. இதிலேயே சம்பள உயர்வு முழுவதும் போய்விட்டது, பள்ளிக் கட்டணத்துக்கு இன்னும் வரவே இல்லை. அதனால் 40 சதவீத உயர்வு என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். வேலை உங்கள் வளர்ச்சிக்கு நல்லதா, அடுத்த ஐந்து ஆண்டில் எங்கே கொண்டுபோகும் என்பதற்காகப் போங்கள். முதல் இரண்டு வருடத்தில் கையில் மிச்சம் இருக்காது என்று உங்கள் மனைவியிடம் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். வேலையை விடப்போவது அவர்தான், அவருடைய சம்மதமும் கணக்கும் இதில் முதலாவது.

அட்வான்ஸ் தனிக் கதை. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் குறைந்திருக்கிறது, ஆனாலும் பேரம் பேசாமல் கொடுக்காதீர்கள். 28,000 வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 2,80,000 ரூபாய் வட்டியில்லாமல் முடங்கும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு, ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்பதால், ஓசூரில் பார்த்தாலும் அந்த இடத்தைக் கவனியுங்கள். ஒத்திக்கு வீடு என்று பத்து, பதினைந்து லட்சம் மொத்தமாகக் கேட்பவர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். அந்த வீடு வங்கியில் அடமானம் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

பயணத்துக்கு வருவோம். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி 25 கிலோமீட்டர் அளவில்தான். அத்திப்பள்ளி டோல், சந்தாபுரா சந்திப்பு இரண்டும்தான் நேரத்தைத் தின்னும் இடங்கள். காலை ஏழு மணிக்கு முன் கிளம்பினால் ஒரு மாதிரி, எட்டரைக்குக் கிளம்பினால் முற்றிலும் வேறு மாதிரி. நேரில் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. ஒரு திங்கட்கிழமை காலையும் மாலையும் அந்தச் சாலையில் போய்ப் பாருங்கள், மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை வருகிறது. பொம்மசந்திரா வரை பஸ்ஸிலோ பைக்கிலோ வந்து மெட்ரோ பிடித்தால் நகரத்துக்குள் போவது முன்னைவிட எளிது. ஓசூர் வரை மெட்ரோ வரும் என்று மனை விற்பவர்கள் சொல்வார்கள். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம், கண்ணால் பார்க்கும் தண்டவாளத்தை மட்டும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் பயணத்துக்கு முன் பிள்ளைகளின் பயணத்தை அளந்துவிடுங்கள். பெரியவர் ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்காரலாம், யூகேஜி முடித்த குழந்தை உட்காரக் கூடாது. பள்ளிப் பக்கத்தில் வீடு, தூரத்தில் ஆபீஸ் என்பதுதான் என் முடிவு. ஆபீஸ் பக்கத்தில் வீடு எடுத்தவர்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் ஆபீஸுக்கு நடந்தே போகும் தூரத்தில் வீடு பிடித்தார். அடுத்த வருடம் அவருடைய குழுவை அவுட்டர் ரிங் ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வீடு இங்கே, பள்ளி இங்கே, வேலை அங்கே. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிப் போய்வருவது அவருடைய நாளில் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டது.

ஓசூரில் குறையே இல்லையா? இருக்கிறது. மாநில எல்லையைத் தினமும் தாண்டுவது சாதாரண நாளில் ஒன்றுமே இல்லை, பதற்றமான நாளில் பெரிய விஷயம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்களைக் கொளுத்தினார்கள். 2023 செப்டம்பரிலும் பந்த் நடந்தது, தமிழ்நாட்டுப் பஸ்கள் எல்லையோடு நின்றன. 2020 ஊரடங்கில் எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் வீட்டிலிருந்து வேலை செய்ய மேலாளர் அனுமதிப்பாரா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆனால் ஓசூர் உங்களுக்குக் கொடுப்பது அதிகம். மகள் அதே சமச்சீர்ப் பாடத்தை, அதே தமிழைத் தொடரலாம். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்ததாகிவிடும். அதே அளவு வீடு வெகுவாகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். மனைவிக்குத் தமிழ்நாட்டுப் பள்ளியில் கற்பித்த அனுபவம் அப்படியே செல்லும், ஓசூரில் தனியார் பள்ளிகள் நிறைய. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெருவில் கேட்கும் ஊர், யாரும் அந்நியமாக உணர்வதில்லை. கோவைக்குப் போக 2023 டிசம்பர் கடைசியில் தொடங்கிய வந்தே பாரத் ஓசூரில் நின்று போகிறது, உங்கள் அப்பா அம்மா வந்துபோக வசதி. தண்ணீருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இருக்கிறது, ஆனால் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. 2024 கோடையில் பெங்களூரின் புறநகர்களில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி டேங்கருக்கு அலைந்ததை நினைத்துப் பார்த்து, எந்த ஊரானாலும் பக்கத்து வீட்டில் ஏப்ரல் மாதத் தண்ணீர் நிலவரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

உங்களுக்கு ஒரே பிள்ளை, அதுவும் யூகேஜி என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். எலக்ட்ரானிக் சிட்டியிலேயே குடியேறுங்கள், குழந்தை கன்னடத்தைத் தெருவிலேயே பிடித்துக்கொள்ளும் என்று சொல்லியிருப்பேன். மகள் இருப்பதால்தான் ஓசூர் என்கிறேன். அவள் பன்னிரண்டு முடிக்கும்போது மகன் ஐந்தாம் வகுப்புதான் முடித்திருப்பான். அப்போது பெங்களூருக்குள் மாறினாலும், ஆறாம் வகுப்பில் சேர்ந்து அவனுக்கு அங்கே ஏழு ஆண்டுகள் கிடைத்துவிடும்.

நடைமுறையாகச் செய்ய வேண்டியது இது. வேலையில் சேருங்கள், பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை நீங்கள் மட்டும் பிஜி விடுதியில் தங்குங்கள். அந்த மாதங்களில் ஓசூர்ப் பள்ளிகளை நேரில் பாருங்கள். சேர்க்கை பல பள்ளிகளில் ஆண்டு இறுதிக்கு முன்பே தொடங்கிவிடும், ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். கோவைப் பள்ளியில் டிசி வாங்கும்போது எமிஸ் எண் (தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை தரும் மாணவர் எண்) சரியாக இருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பின்னால் மனம் மாறிப் பெங்களூர்ப் பள்ளி என்று முடிவானால், சில பள்ளிகள் டிசியில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் சாதிச் சான்றிதழும் நேட்டிவிட்டி சான்றிதழும் கோவையில் இருக்கும்போதே இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். வீடு காலி செய்த பிறகு விஏஓ விசாரணைக்கு யாரையாவது நிறுத்துவது பெரும்பாடு. உங்கள் மகன் பிறந்த தேதியைப் பின்னூட்டத்தில் போட்டால் கர்நாடக வயது விதி அவனுக்கு எப்படிப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.