நாலு செக்கப் போனா போதுமா?

கேள்வி: என் தங்கச்சி ஏழு மாசம். பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசாங்கத்துல பதிவு பண்ணா தர்ற நம்பர்) வாங்கியாச்சு, செக்கப்புக்கு நாலு தடவை போய்ட்டு வந்துட்டா. நம்ம ஊர்ல எல்லாரும் ஆஸ்பத்திரிலதானே பெத்துக்கிறாங்க, அப்புறமும் தாய் சேய் கவனிப்பு போதலன்னு ஏன் எழுதுறீங்க?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: உண்மைதான்மா, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல ஆஸ்பத்திரி பிரசவம் 99.6 சதவீதம். வெயில்லயும் மழையிலயும் வீடு வீடா நடந்த நர்ஸம்மாங்களோட உழைப்பு அது, அதை குறைச்சு சொல்ல எனக்கு மனசே வராது. ஆனா அது எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்கங்கிற கணக்கு மட்டும்தான், வந்தவங்கள எப்படி பாத்தாங்கன்னு அதுல தெரியாது. அதே ஆய்வுல மாசமா இருக்கறவங்கள்ல 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதுக்கு முந்தின ஆய்வுல கிட்டத்தட்ட 44தான், அப்போ செக்கப்புக்கு வந்து மாத்திரை வாங்கிட்டு போயும் ரத்தம் ஏறலன்னுதானே அர்த்தம்? சிசேரியனும் 34.1ல இருந்து 44.9 ஆயிருச்சு, தனியார்ல மட்டும் பாத்தா 63.8, இதுல எத்தனை உண்மையிலயே தேவைப்பட்டுச்சுன்னு யாராச்சும் கேக்கணும்ல.

என் அக்கா பொண்ணு கதைய சொல்றேன். அவ அட்டைல நாலு செக்கப்லயும் பிபி 110/70ன்னு அச்சடிச்ச மாதிரி ஒரே நம்பர், கைல பிபி பட்டையே சுத்தலன்னு அவ சொன்னப்போ எனக்கு பதறிருச்சு. எட்டாம் மாசம் முகமெல்லாம் வீங்கி, வேற இடத்துல பாத்தா பிபி எகிறிக் கிடக்கு. அவளும் புள்ளையும் நல்லாருக்காங்க, ஆனா கணக்குல அவ நாலு செக்கப் முடிச்சவதான்! அதனாலதான் எத்தனை தடவை போனாங்கன்னு மட்டும் எண்ணாம, போன ஒவ்வொரு தடவையும் பிபி, எடை, யூரின் பாத்தாங்களா, ஹீமோகுளோபின் எத்தனைன்னு சொன்னாங்களா, மரியாதையா பேசினாங்களான்னு அந்த பொண்ணுங்ககிட்டயே கேட்டு எண்ணணும்னு சொல்றேன்.

தங்கச்சி அட்டைய இன்னைக்கே எடுத்து பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2016ல இருந்து குறைஞ்சது எட்டு தடவை பாக்கணும்னு சொல்லுது, அதனால நாலோட நிறுத்தாதீங்க. ஹீமோகுளோபின் 11க்கு கீழ இருந்தா அடுத்து என்ன செய்யணும்னு டாக்டர்கிட்டயே கேளுங்க. பெத்ததுக்கப்புறமும் 42 நாள் கவனமா பாத்துக்கணும். விடாத தலைவலி, கண்ணு மங்கறது, முகம் வீங்கறது, ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறையறது, இதுல எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரட்டும்னு உக்காராதீங்க, உடனே 108க்கு போன் போடுங்க.